நாலு விரல்

கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, சுண்ணாம்பு வாளியோடு குனிந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

அவளுடைய இடது கால்.

மதியம் தண்ணீர் தெளித்த மண். ஐந்து விரலும் பதிந்திருந்தன. பெருவிரல் மட்டும் கொஞ்சம் ஆழமாக. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இங்கே நின்றுதான் அந்த சர்வீசைப் போட்டாள்.

காலடிக்கும் கயிற்றுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தாள்.

நாலு விரல்.

மறுபடியும் வைத்துப் பார்த்தாள். நாலு விரல்தான்.

காலையில் அடித்த அதே முளைக்குச்சிகள். அதே கயிறு. கோட்டின் வெளி ஓரம் இதுதான், இதைத் தாண்டி வேறு கோடு கிடையாது.

அது அவளுடைய பழக்கம். ஒவ்வொரு சர்வீசுக்கு முன்னும் மூலையில் இருக்கும் முளைக்குச்சியைப் பார்த்து, கோட்டுக்கு வெளியே நாலு விரல் தள்ளிக் காலை வைப்பாள். கூட ஆடுகிறவர்கள் தையல்காரி என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிடுவாள்.

மாவட்ட வாலிபால், பெண்கள் இறுதிப் போட்டி. மூன்றாவது செட், பதினாலுக்குப் பதிமூன்று. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் மாநிலப் போட்டி. அவள் பன்னிரண்டாம் வகுப்பு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வழியில்லை. மாநிலத்தில் ஆடிய சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவார்கள். விடுதியும் இலவசம். இல்லையென்றால் அக்கா போகிற நூற்பாலை வேன். அதில் இவளுக்கும் ஓர் இடம் சொல்லி வைத்தாயிற்று.

பந்து எதிர்மூலையில் விழுந்தது. யாரும் தொடவில்லை.

பதினைந்து. அவளுடைய இரண்டு கைகளும் தாமாக மேலே போயின.

விசில் அடித்தது. நடுவர் அவள் காலைக் காட்டினார். சர்வீஸ் போடும்போது கோட்டை மிதித்துவிட்டாளாம். புள்ளி எதிரணிக்கு.

எந்தக் கோட்டை?

காலையிலிருந்து எட்டு ஆட்டம் நடந்த மைதானம். கோடு எப்போதோ மண்ணோடு மண்ணாகிவிட்டது. மூலைக்கு ஒருவராக நாலு பேர் கொடியோடு நிற்க வேண்டும். பிரியாணி வந்துவிட்டது என்று நாலு பேரும் போயிருந்தார்கள். இருந்தவர் நடுவர் ஒருவர்தான், வலையோரம் ஏணி மேல். அங்கிருந்து அவருக்கு ஒன்பது மீட்டர் தள்ளி, இல்லாத கோட்டில், அவள் பெருவிரல் தெரிந்திருக்கிறது. என்ன கண்ணோ.

அவர்களுடைய பி.டி. டீச்சர் ஜெசிந்தா மிஸ் ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் கேட்டுப் பார்த்தார்.

"கோடாவது போட்டுக் குடுங்க சார். ஃபைனல் சார் இது."

"கேர்ள்ஸ் மேட்ச்தானே மிஸ். அரை மணியில முடிஞ்சிரும். பாய்ஸ் ஃபைனலுக்கு எப்படியும் போடணும், ரெண்டு வேலை எதுக்கு?"

புள்ளி போனபோதும் மிஸ் ஓடிப் போய்க் கேட்டார். நடுவர் முடிவே இறுதியானது என்று அவர் ஏணியிலிருந்தபடியே சொல்லிவிட்டார். விதிப்புத்தகத்தில் இருக்கிறதாம். நாலு கொடி என்றும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

அடுத்த இரண்டு புள்ளிகளும் போயின. ஆட்டமும் போனது.

மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர்களிடம் அதே நடுவர் வந்தார்.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க பிள்ளைங்களா. கோடு போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

எழுந்து வந்தார்கள். தோற்கடித்தவர் சொன்னாலும் தட்டாமல் செய்கிற பிள்ளைகள்.

"சார், இங்க கொஞ்சம் வந்து பாருங்க சார்" என்று அவள் கூப்பிட்டாள்.

வந்தார். குனிந்தார்.

கயிற்றைப் பார்த்தார். காலடியைப் பார்த்தார். அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். பார்க்கத் தெரியாதவர் இல்லை.

பிறகு ஷூவால் அந்த மண்ணை இப்படியும் அப்படியும் தேய்த்தார்.

"மண்ணைச் சமமா வைங்கம்மா. பாய்ஸுக்குக் கால் இடறிடும்."

போய்விட்டார்.

அவள் கயிற்றின் உட்பக்கமாகச் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே போனாள். கோடு வெள்ளை வெளேரென்று வந்தது. வேண்டுமென்றே கோணலாகப் போட்டிருக்கலாம். அது அவளுக்கு வராது.

வலையை அவிழ்த்து உயரமாகக் கட்டினார்கள். ஏணிக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு நடுவர் வந்து நின்றார். மைக் சோதனை நடந்தது. நாலு மூலைக்கும் நாலு பேர், கையில் சிவப்புக் கொடி. அவளுடைய மூலைக்கு வந்தவர் பல் குத்திக்கொண்டே வந்தார்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

இடது காலை அதே இடத்தில் ஊன்றினாள். அந்த இடம் அவளுக்கு மறக்குமா?

"சார், நான் கோட்டை மிதிக்கிறேனா?"

அவர் வாயிலிருந்த குச்சியை எடுத்தார். குனிந்து, அவள் விரலுக்கும் கோட்டுக்கும் நடுவே கையை வைத்து, நிதானமாகப் பார்த்தார். வேலையில் சுத்தமான மனிதர்.

"இல்லம்மா. நாலு விரல் தள்ளித்தான் நிக்கிற."

அவள் காலை எடுக்கவில்லை.

"சரி, ஓரமாப் போ. ஃபைனல் ஆரம்பிக்கப் போறாங்க."