முகம் பார்க்கும் பெட்டி

எங்கள் அலுவலக வாசலில் ஒரு பெட்டி உண்டு. முகத்தைப் பார்த்து வருகை பதிந்து கதவைத் திறக்கும். செண்பகம் அக்கா மூன்றரை அடி உயரம். எங்கள் பின்னாலேயே உள்ளே வந்து மாதம் முழுக்க வேலை பார்த்த அக்காவை, அது ஒருநாளும் வரவில்லை என்று சொல்லிவிட்டது. வேலையே போகும் நிலை. மேலாளர் மனமிரங்கி, "ஒரு ஸ்டூல் வாங்கிடலாம்மா" என்றார்.

"நான் எதுக்கு சார் தினமும் ஏறணும்? அது ஒரே ஒரு தடவை இறங்கட்டுமே."

மறுநாள் அக்காவே ஸ்க்ரூடிரைவரோடு வந்து பெட்டியைத் தன் முகத்துக்கு நேராக இறக்கி மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் குனிந்துதான் உள்ளே போகிறோம். சிலருக்கு முதுகுவலிகூட விட்டுவிட்டது.

நேற்று, அதைப் பழைய இடத்துக்கே ஏற்றச் சொல்வதற்காக முதலாளி நேரில் வந்தார். யாருக்கும் குனிந்து பழக்கமில்லாதவர். பெட்டி அவருடைய பெல்ட்டைக் கொஞ்சநேரம் ஆராய்ந்துவிட்டு, "முகம் இல்லை" என்றது. கதவு திறக்கவில்லை.

பின்னால் வரிசையில் நின்ற அக்கா பணிவாகச் சொன்னாள்: "முட்டி போட்டா சீக்கிரம் எடுத்துக்கும் சார்."

முதலாளி திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அந்த அமைதியில், எங்கோ ஒரு முழங்கால் 'மடக்' என்றது.