மலை இறக்கத்தில் புது எஞ்சின்

பழங்காலக் கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதன் உரிமையாளர் வலிமை மிகுந்த ஜீப் எஞ்சினைப் பொருத்தினார். பிரேக்கை மட்டும் மாற்றவில்லை. சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழங்கள் நசுங்க, கார் புறப்பட்டு மலையேறியது.

"என் பாய்ச்சலைப் பார்த்தீரா, கிழவரே?" என்று எஞ்சின் பிரேக்கைச் சீண்டியது.

"ஏற்றத்தில் நீ கெட்டிக்காரன்தான், தம்பி. ஆனால் இறக்கத்தில் கியரைக் குறைத்தால், பழைய எஞ்சின் என்னோடு சேர்ந்து வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நீயும் பிடிப்பாயா?"

"ஓடுவதற்குத்தான் நான் வந்தேன். நிறுத்துவது உமது பாடு."

இறக்கம் தொடங்கியது. உரிமையாளர் பிரேக்கை மிதித்தார், வேகம் குறையவில்லை. மீண்டும் மிதித்தார், சக்கரங்களிலிருந்து புகை கிளம்பியது.

"தம்பி, என் பிடி நழுவுகிறது!"

"சாக்குச் சொல்லாதீர்!" என்று எஞ்சின் உறுமியது.

அடுத்தது கொண்டை ஊசி வளைவு. காரின் முன்புறத்தில் இருந்ததால், வளைவுக்கு அப்பாலிருந்த பள்ளத்தை முதலில் கண்டது எஞ்சின்தான்.

"ஐயோ அண்ணே, விட்டுவிடாதீர்கள்!"

"நீயும் பிடியடா!"

உரிமையாளர் பதறிப்போய்க் கியரைக் குறைத்தார். எஞ்சின் வாழ்நாளில் முதன்முறையாக ஓட மறுத்தது. அலறிக்கொண்டே, தன் வலிமை முழுவதையும் திரட்டி வண்டியைப் பின்னுக்கு இழுத்தது. முன்சக்கரம் சாலையோரக் கல்லில் முட்டி நின்றது.

உரிமையாளரின் கை சாவியைத் தொடுவதற்கு முன்பே எஞ்சின் அணைந்திருந்தது.

புகைந்துகொண்டிருந்த பிரேக் மெல்லக் கேட்டது: "என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?"