ஞாயிற்றுக்கிழமைச் சரக்கு

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர்: சற்குணம், அவர் மகள் நிசாந்தினி, பெண் பார்க்க வந்திருந்த ஆனந்தவல்லி, அவர் மகன் கோகுல். ஐந்தாவதாக, ஆனந்தவல்லியோடு அங்கே வேலை பார்க்கும் லக்ஷ்மிப்ரியாவும் வந்தாள்; ஆனால் உட்காரவில்லை. தேநீரை வைத்துவிட்டு, ஆனந்தவல்லியின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

காதில் விழுந்தது நல்ல செய்தியல்ல என்பது ஆனந்தவல்லியின் முகத்திலேயே தெரிந்தது.

சற்குணத்துக்கு முதலில் இந்த இடமே பிடிக்கவில்லை. ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தைக்குப் பக்கத்து மண்டபத்தில் ஊர்ச்சனமே முறைவைத்து நடத்தும் கஃபே. முதலாளி கிடையாது, குடித்தவர்தான் கோப்பையைக் கழுவி வைக்க வேண்டும். பெண் பார்க்கிற இடமா இது? ஆனந்தவல்லிக்கு இங்கே இன்று வேலை முறை என்பதால் இறங்கி வந்தார். இல்லாவிட்டால், இரண்டு வருடமாக அவர் கால் வைக்காத பக்கம் இது.

வந்த பிறகு எல்லாம் நன்றாகத்தான் போயிருந்தது. கோகுலுக்கு ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை. "எங்க பரம்பரையிலேயே குடிங்கிற பேச்சே கிடையாது சார்" என்று ஆனந்தவல்லி சொன்னபோது சற்குணத்துக்கு முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. நிசாந்தினிக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் கைநழுவிப் போயிருந்தன. இந்தப் பையனைப் பார்த்து அவள் சிரித்ததை அவர் பார்க்காதது போலப் பார்த்திருந்தார்.

"உங்க பையன் என்ன பண்றார் சார்?" என்று கேட்டார் ஆனந்தவல்லி.

"மகன் கொரியாவில. ஒரு கிராமத்தில இங்கிலீஷ் படிப்பிக்கிறான். அங்கையும் இப்பிடித்தானாம், ஊர்ச்சனம் சேந்து கஃபே நடத்துதாம். பக்கத்திலயே சந்தையாம்." இரண்டு வருடத்தில் இந்த வாக்கியங்கள் அவர் வாயில் நன்றாகப் பழகியிருந்தன.

"அட, அடுத்த மாசம் ஆபீஸ் விஷயமா நான் சியோல் போறேன் அங்கிள்" என்றான் கோகுல். "ஒரு எட்டு போய் மச்சானைப் பாத்துட்டு வந்துடறேனே!"

"அவனுக்கு நேரமிராது தம்பி."

நிசாந்தினி தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் லக்ஷ்மிப்ரியா வந்து குனிந்தது.

ஆனந்தவல்லி தொண்டையைச் செருமினார். "சார், கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு சரக்கு அடிக்குமா?"

"அடிக்கிறதோ?" சற்குணம் சிரித்தார். "சரக்கை அரைக்கிறது அம்மா. அடிக்கிறேல்லை."

"அங்கிள்" என்று கோகுல் மெதுவாகச் சொன்னான், "எங்க ஊர்ல சரக்குன்னா சாராயம்."

சற்குணம் எழுந்தே விட்டார். "என்ர மகளோ!"

"லக்ஷ்மிப்ரியா தன் காதால கேட்டிருக்கா சார். போன வாரமும், இன்னிக்குக் காலையிலயும். 'குடிக்கிற சரக்கு, போனமுறை தந்த மாதிரியே தாங்கோ'ன்னு சந்தையில ஒரு கடைக்கார அம்மாகிட்ட கேட்டு வாங்கிச்சாம்."

"அன்ரி, அது வந்து..." என்று ஆரம்பித்தாள் நிசாந்தினி.

"நீ சும்மா இரு. என்ர வீட்டு மானத்தை நான் பாப்பன்." பக்கத்து மேசைகளும் திரும்பும்படியாகக் குரலை உயர்த்தினார் சற்குணம். "யாழ்ப்பாணத்தில சரக்கு எண்டா மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி. அதுகளை அரைச்சுக் கொதிக்க வைச்சுக் குடுக்கிறது. அதுதான் குடிக்கிற சரக்கு!"

ஆனந்தவல்லியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயையோ, நம்ம ரசம் மாதிரியா! இதுக்குப் போய் அந்தப் பொண்ணு என் வயித்துல புளியைக் கரைச்சுட்டாளே. வீட்ல எல்லாரும் குடிப்பீங்களா சார்?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரைகுறை விளக்கத்தோடு உட்காருவது சற்குணம் பரம்பரையில் இல்லாத வழக்கம்.

"ரசமோ! கண்டவையும் குடிக்கிற சாமான் இல்லை அம்மா அது. பிள்ளை பெத்த பொம்பிளைக்கு மட்டும், உடம்பு தேற, பால் சுரக்கக் குடுக்கிறது. வேற ஒருத்தரும் வாயில வைக்க மாட்டினம்!"

கோகுல் நிசாந்தினியின் முகத்தைப் பார்த்தான். ஆனந்தவல்லி அவள் வயிற்றைப் பார்த்தார்.

"அப்போ சார், உங்க வீட்ல யாருக்குக் குழந்தை பொறந்திருக்கு?"

சற்குணம் வீட்டிலுள்ள பெண்களை மனதுக்குள் எண்ணினார். மனைவி போய் ஆறு வருடம். வீட்டிலுள்ள ஒரே பெண் இவள். சாராயம் என்றே விட்டிருக்கலாம்.

நிசாந்தினி எழுந்து அவர் காதோரம் குனிந்தாள். "அண்ணிக்கு, அப்பா. போன மாதம். பொம்பிளைப் பிள்ளை. உங்கட மூக்கு."

இரண்டு வருடத்துக்கு முன், மகன் கூட்டிவந்த அந்த அண்ணியை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர்தான். அன்றிலிருந்து அப்படி ஒருத்தி உலகத்தில் இல்லை என்றுதான் கணக்கு.

ஆனந்தவல்லி கைப்பையைத் தோளில் மாட்டினார். கோகுல் இன்னும் எழவில்லை. ஆனால் நிசாந்தினியின் பக்கம் பார்க்கவுமில்லை.

சற்குணம் கோட்டின் பொத்தானைப் பூட்டினார். "இருங்கோ அம்மா. ஊருக்குள்ள ஒரு வதந்தி உலாவுது. அதைப் பரப்பினது நான்தான்."

முதுகு வளையாமல் நின்றுகொண்டே சொன்னார்:

"என்ர மகன் கொரியாவில இல்லை, மருமகள்தான் கொரியாக்காரி."