குரல் வாக்கெடுப்பு

காது கேளாத ஜெசிந்தா மூன்று ஆண்டுகளாக அந்த மசோதாவைப் பின்தொடர்ந்தாள். நிறைவேறினால் மருத்துவமனைகளில் சைகைமொழி தெரிந்தவர் இருப்பார்; பிரசவத்தில் அவள் குழந்தையை இழந்ததுபோல் இன்னொருத்தி இழக்கமாட்டாள். குரல் வாக்கெடுப்பில் யார் என்ன சொன்னார் என்பது பதிவாவதில்லை. ஆனால் ஆதரிப்பதாகச் சொல்லியிருந்த தொகுதி எம்.பி.யின் உதடுகள் 'நோ' என்று குவிந்ததை நேரலையில் பார்த்தாள். மசோதா தோற்றது.

ஞாயிறன்று அவர் வீட்டுக்கே வந்தார். "ஒனக்காகத் தொண்ட கிழியக் கத்துனேன், தாயி." தம்பி அதைச் சைகையில் சொல்வதற்குள் அவள் கைபேசியில் அந்தக் காட்சியை ஓடவிட்டு நீட்டினாள். "சத்தமே இல்லியேப்பா," என்றார். தம்பி சத்தத்தைக் கூட்டினான். ஒரே கூச்சல். அவர் சிரித்தார். "இதுல எங்கொரல் எதுன்னு ஒங்கக்காவச் சொல்லச் சொல்லு." தம்பி சைகை எதுவும் காட்டாமல் கைகளைக் கட்டிக்கொண்டான். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.