புதுக் கயிறு

“இந்தக் கயிறும் போச்சு, உஷா. இங்க பாரு, நூல் நூலாப் பிரிஞ்சு கெடக்கு.”

பாய்மரத்தடியில் குந்தியிருந்த சுகுமாறன் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். அவர் மனைவி உஷாராணி சரியாகப் பார்க்காமலே தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாதா என்ன? முந்தின நாள் அவர் சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது, கத்தியால் அதைச் சுரண்டிவிட்டவளே அவள்தான்.

செரண்டா தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, கோலா சிலாங்கூர் ஆற்றில் கட்டிப்போட்டார் சுகுமாறன். அதோடு நின்றிருக்கலாம். கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்து, தன்னந்தனியாகக் கடலில் லங்காவித் தீவு வரை போகப்போவதாக அறிவித்துவிட்டார். அங்கேயே பொன்னாடையும் போர்த்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து உஷாராணிக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாமென்றால் கேட்கிற ஆளா அவர்? அதனால்தான் கத்தியை எடுத்தாள். அதுவும், அவர் தினமும் தடவிப் பார்க்கிற இடமாகப் பார்த்துத்தான் சுரண்டுவாள். நடுக்கடலில் அறுந்துவிடக் கூடாதே.

கயிறு மாற்றுவது லேசான வேலையில்லை. பழைய கயிற்றின் நுனியில் புதியதைத் தைத்து, மரத்தின் உச்சிவரை இழுத்து மறுபக்கம் இறக்க வேண்டும். புதுக் கயிறு கிள்ளானிலிருந்து வர வேண்டும். ஒன்றை மாற்றி முடிப்பதற்குள் இன்னொன்று பிரிந்து நிற்கும். பயணம் தள்ளிக்கொண்டே போனது.

சுகுமாறன் படகில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். படுத்தால் புரண்டார். போன் அடித்தாலே எரிந்து விழுந்தார். எப்போது கிளம்புவாய் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பாதியாக இளைத்துப்போன மனிதரைப் பார்க்க உஷாராணிக்கு மனசு கேட்கவில்லை. ஆசையைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று ஒருநாள் முடிவெடுத்தாள்.

“எல்லாக் கயிறும் புதுசாயிருச்சு. போய்ட்டு வாங்க. இனி நான் தடுக்கல.”

அவர் புதுக் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

அதன்பிறகு அவள் படகுப் பக்கமே போகவில்லை. கோலா குபு பாருவில் இருந்த தங்கை வீட்டில் தங்கிவிட்டு, பயணத்தன்று காலையில்தான் ஆற்றங்கரைக்கு வந்தாள். சொந்தபந்தமெல்லாம் பூமாலையோடு நின்றது.

“என்ன மாப்பிள்ள, இன்னும் கெளம்பலையா லா?” என்று கேட்டார் அவளுடைய அண்ணன் சன்னாசி.

சுகுமாறன் ஒரு கயிற்றோடு படகிலிருந்து இறங்கி வந்தார். “இன்னைக்கு முடியாது மச்சான். இதுவும் பிரிஞ்சிருச்சு.”

உஷாராணி அதை வாங்கிப் பார்த்தாள். போன வாரம் மாட்டிய புத்தம்புது நீலக் கயிறு, கத்தி பட்ட மாதிரி பிசிர் பிசிராக நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்ததும், நகக்கண்களில் நீல நார் ஒட்டியிருந்த கையைச் சுகுமாறன் மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.