டிஸ்க்குக்குக் காற்று

"இன்னும் முடியலையாம்மா?" வாசலிலிருந்து தியேட்டர் டிரைவர் கேட்டார். படத்தைக் காப்பி செய்த ஹார்ட் டிஸ்க் மதியத்துக்குள் தியேட்டருக்குப் போய்ச் சேராவிட்டால், அவள் இயக்கிய முதல் படம் போட்டியிலேயே இல்லை.

"பாதிதான் காப்பி ஆகியிருக்கு. டிஸ்க் வேற கொதிக்குதுங்க," என்றாள் கணவனிடம்.

"அந்த வேகத்துல சுத்தினா கொதிக்காதா? இரு." டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தான். "சூடு இறங்குது பார்!"

காப்பி ஆகும் வேகமும் இறங்கியது. அவன் ஃபேன் வேகத்தைக் கூட்டினான். டிஸ்க் ஜில்லென்று ஆனது; காப்பி அடியோடு நின்றது.

"போச்சு! எல்லாம் போச்சு!" ஆத்திரத்தில் அவள் ஃபேனை மேஜையிலிருந்து தூக்கினாள்.

காப்பி சரசரவென்று ஓடத் தொடங்கியது.

ஃபேன் அவள் கையில் கடகடவென்று ஆடியது. டிஸ்க்குக்குள் சுழலும் தட்டுக்கு மேல் மயிரிழைகூட இடைவெளி இல்லாமல் மிதந்து எழுதும் முனை, மேஜை அதிர அதிரத் தடம் மாறித் திணறியிருக்கிறது.

"ஃபேனை நிறுத்திடவா?"

"ஐயோ, மறுபடி சூடாயிடும். கொடு." அவன் ஃபேனை மார்போடு அணைத்துக்கொண்டு டிஸ்க்கைப் பார்த்தபடி நின்றான்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "சார் எதுக்கு ஃபேனைத் தூக்கிட்டு நிக்கறாரு?"

"வண்டியை எடுங்கண்ணே, முடியப்போகுது. அவர் அப்பலேர்ந்து உதவிதான் பண்றாரு. இப்பதான் அது எனக்கு உதவியா இருக்கு."