பயப்படாம சாப்பிடுங்க!

"பாதரசம் வந்துடுச்சுப்பா, வழி விடுங்க!"

மண்டப வாசலில் யாரோ கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

இப்படிப் பட்டப்பெயர் வாங்கியிருந்தவள் உணவு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். பெரிய படகுகள் பிடித்து வரும் சுறாவில் பாதரசம் அளவுக்கு மீறி இருப்பது அவள் சோதனையில் தெரிந்தது. ஒரு நிருபர் போன் பண்ணிக் கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாமல் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டாள்.

மறுநாளே டிவியில் வந்தது. ஊரில் ஒருத்தரும் மீன் வாங்கவில்லை. படகுகள் கரையில் சும்மா கிடந்தன.

"எங்க பொழைப்புல மண்ணைப் போட்டியே, நீ நல்லா இருப்பியா?" மீன் வெட்டும் அம்மா ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். சொல்லிக் கொடுத்ததைத் தவிர வாயைத் திறக்கக் கூடாது என்று மேலதிகாரி காரிலேயே சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்.

"விருந்து மேடையில சுறா ஒரு துண்டு எடுத்து வாயில போடு. 'சோதனையில தப்பு நடந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க'ன்னு சொல்லு. உன் வேலை தப்பிச்சுடும்."

"சோதனையில தப்பே இல்ல சார். திரும்பத் திரும்பப் பண்ணிப் பார்த்துட்டேன்."

"அதாம்மா தப்பு. ஒரு தடவையோட நிறுத்தியிருக்கணும்."

விருந்து வைத்தவர் மீன் கம்பெனி முதலாளி. அந்தப் பெரிய படகுகளெல்லாம் அவருடையவை. தங்கமான மனுஷர். மக்கள் பயப்படுவதை அவரால் தாங்க முடியவில்லை. அதனால் ஊருக்கே இலவசமாகப் பொரித்த சுறா. மேடைக்குப் பின்னால், 'பயப்படாம சாப்பிடுங்க!' என்று ஆளுயர எழுத்தில் பேனர்.

"வதந்திக்கு வாயால பதில் சொல்லக் கூடாது, வயித்தால சொல்லணும்!" என்று காலையிலிருந்து எல்லா சேனலிலும் முழங்கியிருந்தார்.

சொன்னதோடு நிற்கவில்லை. மேடை நடுவில் தட்டோடு உட்கார்ந்தார். கேமராக்கள் நெருங்கின. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"ஆஹா! பாருங்க, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

விசில் பறந்தது. அதற்கப்புறம் பந்தியைக் கேட்கவா வேண்டும்? குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊட்டினார்கள். நிருபர்கள் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். மேலதிகாரி மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"பொதுமக்களுக்கு நம்பிக்கை வரணும்ல... இன்னும் ரெண்டு துண்டு வைங்க."

பிறகு அவளை மேடைக்கு அழைத்தார்கள். கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள்.

"சாப்பிடும்மா," என்றார் முதலாளி, மண்டபத்துக்கே கேட்கும்படி. "உன் மேல எனக்குக் கோபமே இல்ல. நீயும் எனக்கு மக மாதிரிதான்."

அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் துண்டை எடுத்தாள். ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகிவிடாது என்பது அவளுக்குத் தெரியும். வேலை போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வாயருகே கொண்டுபோனாள்.

அப்போதுதான் மேடையோரம் வந்து நின்றவளைப் பார்த்தாள். நிறைமாத வயிறு. பந்தியில் வாங்கிய தட்டு, கையில் ஆவி பறக்க.

"என்னப்பா, இவ்வளவு பெரிய விருந்து வைக்கறீங்க, பெத்த பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லல? டிவியில பார்த்துட்டு நேரா ஓடி வரேன். பசி உயிர் போகுது!"

ஆய்வகப் பெண் கையிலிருந்த துண்டைப் போட்டாள்.

"வேண்டாங்க, நீங்க சாப்பிடாதீங்க! வயித்துல இருக்கற குழந்தையோட மூளைக்குத்தான் இது முதல்ல கெடுதல்!"

மண்டபம் கொதித்தது.

"திமிரைப் பாரு!"

"மாசமா இருக்கறவளைப் பயமுறுத்தறாளே, பொம்பளையா இவ!"

மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார், வலது கை எண்ணெயாக இருந்ததால் இடது கையால்.

மகள் சிரித்தாள். "எங்க அப்பாவே சாப்பிடறாருங்க. அவரைவிட உங்களுக்கு என் மேல அக்கறையா?"

சொல்லிக்கொண்டே ஒரு துண்டை வாயில் வைத்தாள்.

தட்டு பறந்தது.

என்ன நடந்தது என்று யாருக்கும் சட்டென்று புரியவில்லை. நாற்காலியில் இருந்த முதலாளி எப்போது எழுந்தார், எப்படிப் பாய்ந்தார், தெரியாது. மகளின் தாடையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"துப்பு! துப்பிடும்மா!"

"என்னப்பா இது? நீங்களும்தானே சாப்பிட்டீங்க?"

சட்டையில் குத்தியிருந்த மைக்கை அவர் மறந்தே போனார். மண்டபத்து ஸ்பீக்கர் அத்தனையும் சேர்ந்து பதில் சொன்னது.

"நான் தின்னது வீட்டுலேர்ந்து கொண்டு வந்த ஆத்து மீனுடி!"